பினாங்குல ஒன்றரை நாள், மலையா பீச்சா?

சிங்காநல்லூர்க்காரன்:
வணக்கம் மக்களே. அடுத்த மாசம் கோலாலம்பூர்ல தங்கச்சி வீட்டுக்குப் போறோம், நான், வீட்டுக்காரம்மா, அம்மா. அப்படியே பினாங்கையும் ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்னு இருக்கோம். சனி காலைல கிளம்பி ஞாயிறு சாயங்காலம் திரும்பணும், மாப்பிள்ளைக்கு லீவு இல்லாததால நாங்களே தான் போய்க்கணும். நெட்ல பாத்தா கோயில், பீச், பட்டாம்பூச்சி பார்க், சுவர் ஓவியம்னு லிஸ்ட் போய்க்கிட்டே இருக்குது, தலை சுத்துது. அம்மாவுக்கு முட்டி வலி, படி ஏற மாட்டாங்க, ஆனா பச்சைப்பசேல்னு மரம் செடி இருந்தா போதும், வேற ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவங்க சுத்த சைவம், நாங்க எல்லாம் சாப்பிடுவோம். எதை வெக்கறது, எதை விடறது? போய்ட்டு வந்தவங்க சொல்லுங்க.

ஊர்சுத்தி மெட்ராஸ்:
ட்ரெயின்ல போங்க பாஸ், யோசிக்கவே வேணாம். கேஎல் சென்ட்ரல்ல ஈடிஎஸ் ரயில் ஏறினா சுமார் நாலு மணி நேரத்துல பட்டர்வொர்த், பினாங்குத் தீவுக்கு எதிர்க்கரை. வீக்கெண்ட் சீட் சீக்கிரம் தீந்துடும், இப்பவே புக் பண்ணிடுங்க. அங்க எறங்கினதும் பாலத்து வழியா கார் புடிச்சிட்டுப் போகாதீங்க, ஸ்டேஷன் பக்கத்துலயே ஃபெர்ரி இருக்கு, கால் மணி நேரம் கூட ஆகாது, கடல் நடுவுல இருந்து ஊரும் அதுக்குப் பின்னாடி மலையும் சேந்து தெரியும் பாருங்க, குடுத்த காசு அங்கயே வசூலாயிடும்.

பீச் மட்டும் வேணாம்னு நேராவே சொல்லிடறேன். பத்து ஃபெரிங்கில மணல் பரவால்ல, தண்ணி கலங்கல், ஜெல்லி மீன் வேற வரும், அந்தமான் பாத்த கண்ணுக்கு சப்புனு இருக்கும். இந்தத் தீவுல நடுவுல நிக்கிற காடு தான் சரக்கு. ஞாயிறு விடிஞ்சதும் பினாங்கு ஹில் போய்டுங்க. உச்சி 833 மீட்டர், மலை ரயில் 1923ல இருந்து ஓடுது, இப்ப இருக்கற வண்டி 2011ல மாத்தினது. சர்ருனு செங்குத்தா ஏறும், மேல போனா கீழ இருக்கற புழுக்கம் காணாமப் போய்டும். வெளிநாட்டுக்காரங்களுக்கு டிக்கெட் ரேட் தனி, அதைப் பாத்து கடுப்பாகாதீங்க.

ஆயர் ஈத்தாம் அக்கா:
தம்பி நான் இங்க உள்ளவ தான். ஞாயித்துக்கிழமைன்னா கொடிமலைக்கு, அதான் அவர் சொன்ன பினாங்கு ஹில், உள்ளூர் ஜனம் எல்லாம் வந்துரும் லா. மொத ரயில் ஆறரைக்கு, ஏழு மணிக்குள்ள அடிவாரத்துல இருந்தா நல்லது, பத்து மணிக்கு வந்தா வரிசைல நின்னே அம்மாவுக்குக் கால் போய்டும். மேல அருளொளி திருமுருகன் கோயில் இருக்கு, ஒட்டுனாப்ல பள்ளிவாசல், சும்மா பெஞ்ச்ல உக்காந்தாலே கீழ ஜார்ஜ் டவுன் நகரம் மொத்தமும் தெரியும்.

அம்மாவுக்கு மரம் தானே வேணும், அப்ப சனி சாயங்காலம் பொட்டானிக் கார்டன் கூட்டிட்டுப் போங்க. 1884ல ஆரம்பிச்சது, காசு கிடையாது, பாதை நடக்க சுலபம். நாகலிங்க மரம் நிக்குது, அடிமரத்துலயே கொத்து கொத்தா பூத்து கீழ எல்லாம் கொட்டிக் கெடக்கும், வாசனை தூரத்துலயே தெரியும். கண்ணைச் சுத்தி வெள்ளை மை வெச்ச மாதிரி லோத்தோங் குரங்கு கெளைல உக்காந்து எல தின்னுக்கிட்டு இருக்கும், அது ஒண்ணும் பண்ணாது. இன்னொரு வகை இருக்கு, அது கைப்பையையே புடுங்கிட்டுப் போய்டும், பிளாஸ்டிக் பை கைல வெச்சுக்காதீங்க. அதே ரோட்டுல தான் தண்ணீர்மலை முருகன், 513 படி, அம்மாவால முடியாது. வழியில நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோயில் இருக்கு, 1857ல கட்டுனது, அங்க கும்பிட்டுக்கலாம்.

ராத்திரி டூட்டி:
ரெண்டு பேரும் மலை மலைன்னு சொல்லி ஜார்ஜ் டவுனையே விட்டுட்டீங்களே 😄 2008ல யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டம் குடுத்த ஊருங்க அது. சனி மத்தியானம் எறங்கினதும் லிட்டில் இந்தியா போனா அம்மாவுக்கு இலை போட்டு சைவச் சாப்பாடு, அங்கயே குவீன் ஸ்ட்ரீட்ல 1833ல கட்டின மகாமாரியம்மன் கோயில். ஆர்மேனியன் ஸ்ட்ரீட் சைக்கிள் ஓவியத்துக்கு மட்டும் நேரம் குடுக்காதீங்க, படம் சின்னது, செல்ஃபி க்யூ பெருசு.

நாசி கண்டார் விட்டுடாதீங்க, சோத்துல பல குழம்பு ஊத்தித் தர்ற சாப்பாடு. நம்மூர் முஸ்லிம் ஆளுங்க காவடி மாதிரி தோள்ல தூக்கி வித்தது தான், இப்ப கடை. சோறு வாங்கிட்டு ஒவ்வொண்ணா கை காட்டணும், எல்லாக் குழம்பையும் கலந்து ஊத்தச் சொல்லணும், அது தான் ருசியே. விலை கடைசில தான் சொல்வாங்க, அதனால பெரிய எறா, மீன் முட்டை பக்கம் கை நீட்டும்போது ரேட்டைக் கேட்டுக்கோங்க.

சிங்காநல்லூர்க்காரன்:
ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். பீச்சைத் தூக்கியாச்சு, வீட்டுக்காரம்மா தான் மொறைக்கறா. அக்கா, மலை எறங்குனதும் பக்கத்துல தெரியற கெக் லோக் சி புத்தர் கோயிலும் போலாங்களா? அங்கிருந்து ஃபெர்ரிக்கு எவ்வளவு நேரம் முன்னாடி கெளம்பறது?

ஆயர் ஈத்தாம் அக்கா:
கோயில் உள்ள படி நெறைய தம்பி, ஆனா அந்த 30 மீட்டர் குவான் யின் செலைக்குப் போக சாய்வு லிஃப்ட் இருக்கு, அது வரைக்கும் கிராப் கார்ல (ஆப்ல கூப்பிடற டாக்ஸி) போய் எறங்கிக்கலாம். மத்தியானத்துக்கு மேல மழை வந்தாலும் வரும், அதுக்குள்ள முடிச்சிருங்க. பெட்டி இல்லாம இருந்தா ஹில் ஸ்டேஷன்லேர்ந்து 204 பஸ்ஸே நேரா ஃபெர்ரி ஏறுற ஜெட்டிக்கு வரும், இல்லன்னா கிராப். எப்படியும் ட்ரெயினுக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி கெளம்புங்க, ஞாயிறு சாயங்காலம் ரோடு நெருக்கடியா இருக்கும். தேதி சொல்லுங்க, பள்ளி விடுமுறையான்னு பாத்துச் சொல்றேன்.