மெடுல்லோபிளாஸ்டோமா: பயாப்சி வந்த பிறகும் எதற்குக் காத்திருக்கச் சொல்கிறார்கள்?

கயல்:
அண்ணன் மகளுக்கு ஏழு வயது. சிறுமூளையில் இருந்த கட்டியை எடுத்தாகிவிட்டது, மெடுல்லோபிளாஸ்டோமா என்று பயாப்சியும் சொல்லிவிட்டது. ஆனால் மூலக்கூறு வகை தெரிந்த பிறகுதான் ரேடியேஷன், கீமோ எவ்வளவு என்று முடிவு செய்வோம் என்கிறார் டாக்டர். அண்ணி தூக்கமில்லாமல் கிடக்கிறார். பெயர்தான் தெரிந்துவிட்டதே, இன்னும் என்ன?

இளவேனில்:
பெயர் பாதிதான் தெரிந்திருக்கிறது. கட்டியின் மரபணு மாற்றங்களை வைத்துப் பிரிப்பதுதான் மூலக்கூறு வகை. அப்படி இதற்குள் நான்கு முக்கியக் குழுக்கள் உண்டு: டபிள்யூஎன்டி, எஸ்எச்எச், குரூப் 3, குரூப் 4. மைக்ராஸ்கோப்பில் மட்டும் பார்த்து இவற்றை நம்பகமாகப் பிரிக்க முடியாது, ஆனால் நோயின் போக்கோ மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். டபிள்யூஎன்டி வகைக் குழந்தைகளில் வழக்கமான சிகிச்சைக்குப் பிறகு ஐந்து ஆண்டு தாண்டுபவர்கள் 90 சதவீதத்துக்கு மேல், ஆனால் குரூப் 3 ஆகி, அதில் எம்ஒய்சி மரபணுவும் பல பிரதிகளாகப் பெருகியிருந்தால் கட்டி திரும்பும் ஆபத்து மிக அதிகம். 2021 உலக சுகாதார நிறுவன வகைப்பாட்டில் மூலக்கூறு வகையும் நோயறிதலின் ஒரு பகுதி.

முகில்:
எஸ்எச்எச் என்று வந்தால் டிபி53 என்ற மரபணுவைப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அதில் மியூட்டேஷன் இருந்தால் ஆபத்துக் கணக்கு மாறிவிடும். அப்புறம் அது கட்டியில் மட்டும் இருக்கிறதா, பிறவியிலேயே வந்ததா என்று ரத்தத்திலும் பார்க்க வேண்டும். பிறவியிலேயே என்றால் அது லி-ஃப்ராமேனி பாதிப்பு (புற்று வரும் வாய்ப்பைக் கூட்டும் பிறவி மரபணு நிலை), ரேடியேஷன் கொடுத்த இடத்தில் பின்னாளில் வேறு புற்று வரும் அபாயம் கூடும், பெற்றோர், உடன்பிறந்தவர்களுக்கும் மரபணு ஆலோசனை தேவைப்படும். இதை நாமாகக் கேட்டால்தான் சில இடங்களில் பேச்சே எடுக்கிறார்கள்.

கயல்:
அப்போ டபிள்யூஎன்டி என்று வந்தால் ரேடியேஷனே வேண்டாமா?

இளவேனில்:
அவசரப்படாதீர்கள். இந்த வயதில் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். சாதாரண ஆபத்து என்றால் மூளை, தண்டுவடம் முழுவதற்கும் 23.4 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு), அதிக ஆபத்து என்றால் 36 கிரே வரை என்பது வழக்கம், அதைவிடக் குறைப்பதை மருத்துவ ஆய்வுகளுக்குள்தான் செய்து பார்க்கிறார்கள். மூலக்கூறு வகை மட்டுமே எல்லாவற்றையும் முடிவு செய்வதும் இல்லை. தண்டுவட எம்ஆர்ஐயில் பரவல் இருக்கிறதா, முதுகுத்தண்டு நீரில் செல்கள் இருக்கிறதா, அறுவைக்குப் பிறகு மிச்சம் 1.5 சதுர சென்டிமீட்டருக்கு மேல் இருக்கிறதா, இவையும் சேர்ந்துதான் கணக்கு. நான் சொன்ன சதவீதமும் ஒரு கூட்டத்துக்கான கணக்குதான், உங்கள் வீட்டுக் குழந்தைக்கான ஜாதகம் இல்லை.

ரேடியேஷன் பெரும்பாலும் அறுவை முடிந்து நாலு முதல் ஆறு வாரத்துக்குள் தொடங்கும். அதற்குள் ரிசல்ட் கைக்கு வருமா, வராவிட்டால் என்ன திட்டம் என்று நாளைக்கே கேட்டுவிடுங்கள்.