ஓடும் ரயிலில் இடம் மாறிய நிறம்: கண் எப்போது நிறத்தையும் வடிவத்தையும் சேர்க்கிறது?

மாம்பலவாசி:
அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் தாம்பரம் செல்லும் மின்சார ரயில் சேத்துப்பட்டைத் தாண்டி வேகமெடுத்தபோது, சுவரோரம் நின்ற ஒருவரின் கையில் சிவப்புக் குடையும் தோளில் நீலப் பையும் இருந்ததாகக் கண்டேன். என் மனைவி கைபேசியில் எடுத்திருந்த காணொளியிலோ குடை நீலம், பை சிவப்பு. இல்லாத நிறத்தையோ இல்லாத பொருளையோ நான் பார்க்கவில்லை. எது எதற்குரியது என்பதில்தான் பிழை. மூளை இவ்விரண்டையும் தனித்தனியே வாங்கிக்கொண்டு பிறகுதான் ஒட்டுகிறதா?

உளவியல் மாணவி:
இதைப் போலி இணைப்பு என்று சொல்லலாம் ஐயா. ஆன் டிரீஸ்மனும் ஹிலரி ஷ்மிட்டும் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இரு எண்களுக்கு இடையே நிற எழுத்துகளை நொடிக்கும் குறைந்த நேரமே காட்டி, எண்களை முதலில் கவனிக்கச் சொன்னபோது, பார்த்தவர்கள் ஓர் எழுத்தின் நிறத்தை மற்றோர் எழுத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். நிறம், வடிவம் போன்ற கூறுகள் பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே நேரத்தில் பதிவாகின்றன, அவற்றை ஓரிடத்தில் பொருத்துவது கவனம் என்பது 1980இல் டிரீஸ்மனும் கேரி ஜெலேடும் முன்வைத்த கொள்கை. கோயம்பேட்டில் பச்சை மிளகாய்க் குவியலில் கிடக்கும் ஒரு சிவப்பு மிளகாய் தானே கண்ணில் படும். பச்சை மிளகாயும் சிவப்புத் தக்காளியும் கலந்து கிடந்தால் அதே மிளகாயைத் துழாவித்தான் எடுக்க வேண்டும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
மாணவி சொன்ன சோதனைகள் சரியே. ஆனால் அவற்றைக் கொண்டு தொடக்கத்தில் இரண்டும் முற்றிலும் தனித்தனி என்று முடிவு கட்டுவதை நான் ஏற்கவில்லை. செலஸ்டி மெக்கல்லோ 1965இல் காட்டியபடி, ஆரஞ்சு நிறச் செங்குத்துப் பட்டைகளையும் நீல நிறக் கிடைப் பட்டைகளையும் சில நிமிடங்கள் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கறுப்பு வெள்ளைப் பட்டைகளைப் பார்த்தால், செங்குத்துக் கோடுகளில் நீலப்பச்சைச் சாயலும் கிடைக்கோடுகளில் ஆரஞ்சுச் சாயலும் தெரிகின்றன. நிறமும் கோட்டின் திசையும் எங்கோ பிணைந்திராவிட்டால் இது நிகழாது. ஒரு கண்ணுக்குப் பழக்கியது மறு கண்ணுக்குப் பெரும்பாலும் செல்லாததால், அந்தப் பிணைப்பு, இரு கண்களின் செய்திகளும் ஒன்றுகலப்பதற்கு முந்தைய மிக முற்பட்ட கட்டத்தில் இருப்பதாகவே கொள்ளலாம். நிறத்துக்கு ஒரு வகைச் செல், வடிவத்துக்கு வேறு வகை என்று 1980களில் பரவிய பிரிவினையையும், எட்வர்ட் காலவே குழுவினர் 2019இல் வெளியிட்ட குரங்கு ஆய்வு அசைத்துவிட்டது: கண்ணின் செய்தி மூளைப் புறணியில் முதலில் சேரும் பகுதியான முதன்மைப் பார்வைப் புறணியிலேயே பல செல்கள் குறிப்பிட்ட நிறத்தையும் கோட்டின் குறிப்பிட்ட சாய்வையும் ஒருங்கே நாடுகின்றன. எனவே, இணைந்து வரும் அந்தச் சிறு பதிவுகளில் எவை குடைக்குரியவை, எவை பைக்குரியவை என்று பிரிக்கும் பிற்கட்டத்தில்தான் உங்கள் பிழை நேர்ந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

மயிலைக் கோலம்:
கோலம் போடுகிறவளாக ஒன்று சொல்கிறேன். வெள்ளைக் கோட்டின் மேல் மஞ்சள் பொடி சிறிது சிந்தினால், சற்றுத் தள்ளி நிற்பவருக்குத் தெரிவதே இல்லை. கருநீலம் சிந்தினால் தெருக்கோடியிலிருந்தே தெரிந்துவிடும். மஞ்சளுக்கும் வெள்ளைக்கும் ஒளியளவில் வேறுபாடு குறைவு, நிற வேறுபாட்டையோ கண் நுணுக்கமாக அளப்பதில்லை. ஆகையால் விளிம்பை ஒளி தீர்மானிக்க, நிறம் அதற்குள் நிரம்பிக்கொள்கிறது.

மாம்பலவாசி:
மூவருக்கும் நன்றி. இன்றிரவே பட்டைகளை வரைந்து பார்க்கிறேன்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்:
நான்கைந்து நிமிடங்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்தச் சாயல் நாள்கணக்கில் நீடிக்கக்கூடும்.