கம்பி கிடைத்துவிட்டதே, இனி கோர்ட் எதற்கு?

வெண்ணாற்றங்கரை: "போர்செட் மோட்டாரின் செம்புக் கம்பியைத் திருடியவன் ஸ்டேஷனிலேயே ஒப்புக்கொண்டான், வைக்கோல் போரிலிருந்து எடுத்தும் கொடுத்தான், இனி கோர்ட் எதற்கு" என்று நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருக்கிறார். போலீசிடம் கொடுத்த ஒப்புதல் செல்லாது ஐயா. 1872 சாட்சியச் சட்டத்தில் 25ஆம் பிரிவு, புதுச் சட்டத்தில் 23. வெள்ளைக்காரனே தன் போலீசை நம்பவில்லை.

டெல்டா சம்சாரி: அந்த மேதாவி நான்தான். நாற்றங்கால் காய்ந்தால் உமக்கென்ன, சென்னையில் உட்கார்ந்து சட்டம் பேசலாம். கம்பி கிடைத்ததா இல்லையா?

மன்னார்குடி குமாஸ்தா: கிடைத்தது. அந்த அளவுக்குத்தான் அவன் சொன்னதும் செல்லும். "வைக்கோல் போரில் வைத்திருக்கிறேன்" என்பது கோர்ட்டுக்கு வரும், "திருடி" என்ற சொல் வராது. 1946இல் புலுக்குரி கோட்டையா வழக்கில் பிரிவி கவுன்சில், அதாவது அன்றைக்கு நமக்கு மேல் கோர்ட்டான லண்டன் மன்றம், சொன்னதுதான்: கத்தியைக் கூரையில் ஒளித்தேன் என்பது வரும், அதால் குத்தினேன் என்பது வராது.

டெல்டா சம்சாரி: அப்போ கம்பி தானே நடந்துபோய் போருக்குள் படுத்துக்கொண்டதா?

வெண்ணாற்றங்கரை: ரோட்டோரத்துப் போரில் யார் வேண்டுமானாலும் செருகலாம். பொருளை எடுத்தபோது போலீஸ் எழுதிய மகஜரில் சாட்சி யார்? வழக்கம்போல விஏஓவும் தலையாரியும். எழுதி வைத்ததில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள்.

டெல்டா சம்சாரி: தலையாரி என் மச்சினன். வாயை அளந்து பேசும்.

காக்கி வீட்டுப் பிள்ளை: சோதனையில் முறை தவறினாலும் கிடைத்த பொருள் சாட்சியம்தான், பூரண்மல் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லியாச்சு. தனக்கெதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிற அரசியல் சட்டம் 20(3) அவன் வாயைத்தான் காக்கும், வைக்கோல் போரை அல்ல.

மன்னார்குடி குமாஸ்தா: அந்த 20(3) விஷயம் உங்கள் கண்டுபிடிப்பு இல்லை தம்பி, 1954இல் எம்.பி. சர்மா வழக்கில் எட்டு நீதிபதிகள் சொன்னது. ஆனால் 2024 ஜூலையிலிருந்து சோதனையையும் பறிமுதலையும் வீடியோ எடுத்தாக வேண்டும், புதுக் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 105ஆம் பிரிவு. வீடியோ எங்கே?

டெல்டா சம்சாரி: படுகையில் சிக்னலே கிடையாது, வீடியோவாம்!

மன்னார்குடி குமாஸ்தா: படம் பிடிக்க சிக்னல் எதற்கு? அந்தப் பதிவைத் தாமதமில்லாமல் மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்பவும் வேண்டும். அப்புறம், கம்பி கம்பி என்கிறீர்களே, அது உங்கள் போர்செட் கம்பிதான் என்று யார் அடையாளம் காட்டினார்கள்? தோலை உரித்த செம்பெல்லாம் ஒரே நிறம்.

டெல்டா சம்சாரி: என் கம்பி எனக்குத் தெரியாதா?

வெண்ணாற்றங்கரை: போன குறுவையில் ராத்திரியோடு ராத்திரியாக மதகை ஏற்றியது யார் என்றுகூட உமக்குத் தெரியாதே!

டெல்டா சம்சாரி: அதைச் சொல்ல நீர் யார்? மதகுச் சாவி யார் வீட்டில் இருந்தது என்று ஊருக்கே தெரியும்.

காக்கி வீட்டுப் பிள்ளை: ரெண்டு பேரையும் ஸ்டேஷனில் உட்கார வைத்தால் தெரியும்.

மன்னார்குடி குமாஸ்தா: வைத்துப் பாருங்கள். அங்கே சொல்வதும் செல்லாது.