கடல்சிங்கம் தும்மினால் தள்ளி நில்லுங்கள்

சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் இதை அப்புறம் படியுங்கள்.

எனக்கு ஊர் நீரோடி. கொஞ்சம் நடந்தால் பொழியூர், அது கேரளா. கடலுக்குப் போகாமல் வளைகுடாவில் கடல்சிங்கக் காட்சி நடத்தும் ஓர் இடத்தில் மீன் வெட்டிப்போடும் வேலைக்குச் சேர்ந்தேன். ஒரு பெண் கடல்சிங்கம் ஓயாமல் தலையை உதறித் தும்மும், மூக்கில் சளி ஒழுகும். அது தூங்கும்போது குனிந்து பார்த்தால், மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் வெளிர் நிறத்தில் பொடிப்பொடியாக ஏதோ ஊர்கிறது! கால்நடை மருத்துவர் அலட்டிக்கொள்ளவே இல்லை. “மூக்கு உண்ணிதான், தள்ளி நில்” என்றார்.

அவர் சொல்லித்தான் தெரியும். ஆர்த்தோஹாலராக்னே என்ற பேரினம். அதில் அட்டெனுவாட்டா என்ற வகை மூக்கிலும் தொண்டையின் மேல்பகுதியிலும் இருக்கும். டிமினுவாட்டா அதைவிடச் சிறியது, நுரையீரல் வரை இறங்கிவிடும். வளர்ந்த உண்ணி கால் நகங்களைச் சவ்வில் மாட்டிக்கொண்டு கிடந்த இடத்திலேயே கிடக்கும். ஊர் சுற்றுவது ஆறு கால் குஞ்சுதான். கடல்சிங்கங்கள் கரையில் மூக்கோடு மூக்கு உரசும்போதும் தும்மும்போதும் அடுத்ததற்குத் தாவிவிடும். குட்டிகளுக்குச் சின்ன வயதிலேயே தொற்றிவிடும். நாலைந்து இருந்தால் பெரிய தொல்லையில்லை. நுரையீரலில் பெருகினால் மூச்சுக்குத் திண்டாட்டம்தான்.

‘தள்ளி நில்’ என்றதற்கும் காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் கடல் பூங்காவுக்குப் போய்வந்த ஒருவரின் கண்ணில் இந்த உண்ணி ஒட்டியிருந்ததை எடுத்திருக்கிறார்கள். 1985இல் அது ஆய்வுக் கட்டுரையாகவே வந்தது. அதைக் கேட்டபிறகு கண்ணாடி போடாமல் நான் பக்கத்தில் போனதில்லை.

லீவில் வந்து இதைச் சொன்னால், தூத்தூர் மாமா நம்பவே இல்லை. நம் கடலில் சீலும் கிடையாது, கடல்சிங்கமும் கிடையாது, அவர் எங்கே பார்ப்பார்? “அப்போ ஓங்கிலுக்க மூக்கிலயும் இது இருக்குமா மக்கா?” என்றார். ஓங்கில் என்றால் டால்பின். அதற்கு இந்த உண்ணி வருவதில்லை. கரையேறி மூக்கு உரசும் பழக்கம் அதற்கு இல்லாததுதான் காரணம் என்பது என் ஊகம். ஆனால் ஓங்கிலின் நுரையீரலில் நூல் போன்ற புழுக்கள் உண்டு. தாயின் வயிற்றிலேயே குட்டிக்குத் தொற்றியதையும் கண்டிருக்கிறார்கள்.

இதே குடும்பத்து உண்ணி ஒன்று நாய் மூக்கிலும் வாழும். உங்கள் வீட்டு நாய் நாள்கணக்கில் தும்மி, மூச்சை உள்ளே இழுத்து இழுத்துத் திணறினால் மருத்துவரிடம் இதையும் கேளுங்கள். மாட்டுக்குப் போடும் ஐவர்மெக்டின் என்ற உண்ணி மருந்தை நீங்களாகவே போட்டுவிட வேண்டாம், கோலி வகை நாய்களுக்கு அது ஆபத்து.