மால்டாவில் கடலைப் பார்த்து உட்காராதீர்கள்

மால்டாவுக்கு வேலைக்கு வந்து இறங்கியிருக்கும் தம்பிகளும், ஜெர்மனி, இத்தாலிப் பக்கம் குடியேறிவிட்டு நான்கு நாள் விடுமுறைக்கு இங்கே வரப் பார்ப்பவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறீர்கள்: பர்ஸ் காலியாகாமல் மாலையில் எங்கே போய் உட்காருவது? தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டது. தெரிந்ததை எல்லாம் இங்கேயே கொட்டிவிடுகிறேன். நான் வந்து இது நான்காவது ஆண்டு. குடியிருப்பது ஹம்ரூனில்.

முதலில் என் கதை. வந்த இரண்டாவது வாரம், அறையில் இருந்த நாங்கள் நான்கு பேரும் சம்பளத்துக்கு முன்பே ஒரு சின்னக் கொண்டாட்டம் வைத்தோம். வடக்கே ஒரு விரிகுடா, கரையோரம் வரிசையாக நாற்காலிகள், எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. ஆளுக்கு இரண்டு பைண்ட் (பெரிய கிளாஸ்) பீர், நடுவில் ஒரு தட்டு வறுத்த கணவாய், இரண்டு பாட்டில் தண்ணீர். பில் 62 யூரோ. எங்களில் ஒருவன் அதை ரூபாயாக மாற்றிப் பார்த்து, ஐயாயிரத்து ஐந்நூறு என்று முணுமுணுத்தான். வீடு திரும்பும்வரை யாரும் பேசவில்லை. கடைக்காரர் ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது. விலைப்பட்டியல் மேசை மீதே இருந்தது. நாங்கள்தான் சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இந்தத் தீவில் பீர் விலையைத் தீர்மானிப்பது பீர் இல்லை, நாற்காலி எந்தப் பக்கம் பார்த்துப் போடப்பட்டிருக்கிறது என்பதுதான். கடல் தெரிந்தால் ஒரு விலை. தெரு தெரிந்தால் ஒரு விலை. தேவாலயத்தின் பக்கச் சுவர் மட்டும் தெரிந்தால் அதுதான் நமக்கான விலை. சிலீமா, செயின்ட் ஜூலியன்ஸ், புஜிப்பா கரையோரங்களில் ஒரு பைண்டுக்கு ஐந்து யூரோவுக்கு மேல் கொடுத்திருக்கிறேன். அதே பீரின் சின்ன பாட்டிலை உள்நாட்டு ஊர் ஒன்றில் இரண்டு யூரோவுக்குக் குடித்திருக்கிறேன். இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று நினைக்கிறீர்கள்? மால்டாவின் நீளமே 27 கிலோமீட்டர்தான். பஸ்ஸில் இருபது நிமிடம்.

ஊருக்குள் போய் எதைத் தேடுவது? 'கஸீன்' என்ற சொல்லை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஒவ்வோர் ஊரிலும் பாண்டு வாத்தியக் குழு ஒன்றாவது இருக்கும். அதற்கென்று தேவாலயச் சதுக்கத்தை ஒட்டி ஒரு பழைய கட்டடம் இருக்கும். அந்தச் சங்கக் கட்டடம்தான் கஸீன். மாடியில் ஒத்திகை நடக்கும், கீழே பார். உறுப்பினர்களுக்கு மட்டும் என்று பலர் நினைத்துக்கொண்டு வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். நானும் ஆறு மாதம் அப்படித்தான் நினைத்தேன். யாரும் தடுப்பதில்லை, உள்ளே போய், கவுன்டரில் நின்று, வேண்டியதைச் சொல்ல வேண்டியதுதான். இரண்டு பெரிய கட்சிகளுக்கும் பல ஊர்களில் இதே மாதிரி கஸீன் உண்டு; அங்கேயும் பார் உண்டு, விலையும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அங்கே போனால் அரசியல் பேசாதீர்கள். கேட்டால் தலையை மட்டும் ஆட்டுங்கள். உருண்டைப் பந்தை உருட்டி ஆடும் 'பொச்சி' ஆட்டத்துக்கான கிளப்புகள் இன்னொரு வகை. அங்கே விலை இன்னும் குறைவாகக்கூட இருக்கும், ஆட்டத்தை வேடிக்கை பார்க்கக் கட்டணமும் இல்லை.

நான் முதலில் நுழைந்த கஸீனைச் சொல்கிறேன். உயரமான கூரை, நடுவில் பெரிய கண்ணாடிச் சரவிளக்கு. சுவர் முழுக்க மீசை வைத்த பழைய பாண்டு மாஸ்டர்களின் படங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் வெல்வெட் துணி மேல் துருப்பிடித்த கிளாரினெட். அதற்கு நேர் கீழே, இத்தாலியக் கால்பந்தை ஓடவிட்டபடி ஒரு டிவி. நான்கு கிழவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். கவுன்டரில் இருந்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "ம்னேய்ன் இன்த்?" என்றார். எந்த ஊர் என்று கேட்கிறார். இந்தியா என்றேன். பீர் பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டு, கேட்காமலே ஒரு சின்னத் தட்டில் உப்பு பிஸ்கட் போல நான்கைந்தும், பழுப்பு நிறத்தில் ஒரு விழுதும் தள்ளினார். அந்த பிஸ்கட்டின் பெயர் கல்லெட்டி. விழுது பிகில்லா, காய்ந்த மொச்சை இனத்துப் பயறை வேகவைத்து, பூண்டும் மிளகாயும் சேர்த்து மசிப்பார்கள். முதல் வாயிலேயே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. எல்லா இடத்திலும் இலவசமாகத் தரமாட்டார்கள். தந்தால் மறுக்காதீர்கள்.

பீரின் பெயரைச் சரியாகச் சொல்வதும் முக்கியம். உள்ளூர் லாகர் பீரின் பெயர் 'ச்சிஸ்க்'. புதிதாக வந்தவர்கள் 'சிஸ்க்' என்று மெதுவாக இழுப்பார்கள். உடனே சுற்றுலாப் பயணி என்று தெரிந்துவிடும். 1929இல் வந்த பீர் அது. ஷிக்லூனா என்ற வங்கிக் குடும்பம் காசோலையை இங்கே புழக்கத்துக்குக் கொண்டுவந்தபோது, 'செக்' என்ற சொல் ஊர் வாயில் 'ச்சிஸ்க்' ஆகி, அதுவே குடும்பத்தின் பட்டப்பெயராகி, பிறகு பீருக்கும் ஒட்டிக்கொண்டது என்பார்கள். வெளிநாட்டு பீர் கேட்டால் விலை கூடும். எனவே ச்சிஸ்க், அல்லது இன்னோர் உள்ளூர் பீரான ஹாப்லீஃப். வைனில் உள்ளூர் வைனைக் கேளுங்கள். காக்டெயிலைக் கஸீனில் கேட்காதீர்கள், பெரியவர் சங்கடப்படுவார்.

குடிக்காதவர்கள் இந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட வேண்டாம். இந்த ஊர் பார்களில் எனக்கு ஆகப் பிடித்த பானத்தில் சாராயமே இல்லை. 'தே ஃபித்-தாஸா' என்று கேளுங்கள். கண்ணாடித் தம்ளரில் தேநீர் என்று பொருள். கெட்டியாகக் காய்ச்சிய டிகாஷனில், டின்னில் வரும் சுண்டிய பாலை ஊற்றி, நுனி விரலால் விளிம்பைப் பிடித்துக் குடிக்கும் சூட்டில் தருவார்கள். ஆற்றித் தரமாட்டார்கள், அது ஒன்றுதான் குறை. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் வெள்ளைக்காரன் ஆண்டுவிட்டுப் போன பழக்கம். நம் டீக்கடைக்கும் இதற்கும் ஒருவிதத்தில் ஒரே தகப்பன். விடியற்காலையிலேயே ஊர் பார்கள் திறந்துவிடும். கட்டட வேலைக்குப் போகிறவர்கள் நின்றபடி இந்தத் தேநீரைக் குடித்துவிட்டுப் போவார்கள். இரவுப் பணி முடிந்து வரும் நர்ஸுகளுக்கும் பராமரிப்பு வேலை செய்பவர்களுக்கும் இதைவிட நல்ல இடம் கிடையாது. குளிர்பானம் வேண்டுமானால் 'கின்னி'. 1952 முதல் இங்கே இருக்கிறது, கசப்பு ஆரஞ்சுச் சுவை. முதல் தடவை முகம் சுளிப்பீர்கள், மூன்றாவது தடவை நீங்களே கேட்பீர்கள்.

வயிற்றுக்குப் பாஸ்திஸி. பல அடுக்காகப் பொரியும் மாவுக்குள் ரிக்கோட்டா பாலாடைக்கட்டியோ பட்டாணியோ வைத்துச் சுட்டது. நடுவில் வாய் திறந்திருந்தால் பாலாடைக்கட்டி, பக்கவாட்டில் மூடியிருந்தால் பட்டாணி. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதை விரல் நீட்டியே வாங்கிவிடலாம். ஊர்க் கடைகளில் ஒன்று ஒரு யூரோவுக்குள்தான் இருக்கும். இரண்டு தின்றால் இரவு உணவு முடிந்தது. சைவக்காரர்கள் கவனிக்க: மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது பழைய வழக்கம். கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரபாத் என்ற ஊரில், இம்தினா கோட்டை நகருக்கு எதிரே இருக்கும் கிரிஸ்டல் பாலஸ் இதற்குப் பேர்போன இடம். பெயரைப் பார்த்து மாளிகை என்று நினைத்துப் போய்விடாதீர்கள், நான்கைந்து மேசை போட்ட கடைதான்.

ஒரு தங்கை கேட்டிருந்தார்: பெண்கள் தனியாகப் போகலாமா? நியாயமான கேள்வி. நம் ஊரில் பார் என்றதும் மனத்தில் எழும் படம் வேறு, அதை இங்கே ஒட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஞாயிறு காலையில் பூசை முடிந்ததும் குடும்பம் குடும்பமாகக் கஸீனுக்குத்தான் வருகிறார்கள். பாட்டி காபி குடிப்பார், பேரன் ஐஸ்கிரீம் தின்பான். வார நாள் இரவில் கிழவர்கள் கூட்டம்தான் இருக்கும், அப்போது சற்று உறுத்தலாக இருக்கலாம். என்னோடு வேலை செய்யும் பெண்கள் வெள்ளிக்கிழமை மூன்று நான்கு பேராகப் போகிறார்கள், யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. வயது விஷயம்: இங்கே மது வாங்க 17 முடிந்திருக்க வேண்டும்.

கோடையில் வருகிறவர்களுக்கு ஊர்த்திருவிழா ஒரு வரம். 'ஃபெஸ்தா' என்பார்கள். ஊர் ஊராக, அந்தந்தப் புனிதரின் நாளையொட்டி, ஒரு வாரத்துக்கு வாணவேடிக்கையும் பாண்டு ஊர்வலமும் தூள் பறக்கும். ஆகஸ்ட் 15 அன்று மாதா திருநாள். மோஸ்தா உட்பட ஏழெட்டு ஊர்களில் ஒரே நாளில் நடக்கும். அன்றைக்குக் கஸீனே தெருவுக்கு வந்துவிடும். சதுக்கத்தில் தள்ளுவண்டிகளில் பேரீச்சம்பழம் வைத்துப் பொரித்த 'இம்ஆரெத்' விற்பார்கள், சுடச்சுட வாங்குங்கள். ஒரே ஊரில் இரண்டு பாண்டு சங்கங்கள் இருந்தால் இரண்டுக்கும் ஆகாது. ஒன்றில் குடித்துக்கொண்டே மற்றதைப் புகழ்ந்துவிடாதீர்கள்.

தலைநகர் வலெட்டாவைப் பற்றிச் சுருக்கமாக. ஸ்ட்ரெய்ட் தெரு என்று ஒரு ஒடுங்கிய சந்து, ஒரு காலத்தில் பிரிட்டிஷ் மாலுமிகளின் குடிக்கூடங்கள் நிறைந்திருந்தது. 1979இல் படை கிளம்பியதும் ஒவ்வொன்றாக மூடிப் பல ஆண்டுகள் பாழாய்க் கிடந்தது. இப்போது மீண்டும் விளக்கேற்றி வைன் பார்கள் நடத்துகிறார்கள். பார்க்க அழகு. ஒரு கிளாஸோடு எழுந்துவிடுங்கள்.

பாச்சவில் என்பது இளைஞர்களின் ஆட்டபாட்டப் பகுதி. வாசலில் நின்று கையைப் பிடித்து இழுப்பார்கள், முதல் கிளாஸ் இலவசம் என்பார்கள். இலவசத்துக்கு ஆசைப்பட்டவன் இரண்டாவது கிளாஸில் அதற்கும் சேர்த்துக் கொடுப்பான். கார்டை மட்டும் யார் கையிலும் கொடுக்காதீர்கள். இயந்திரத்தை உங்களிடம் கொண்டுவரச் சொல்லி, தொகையைப் படித்துவிட்டு நீங்களே கார்டை அதில் வையுங்கள். கடையில் பீர் வாங்கித் தெருவில் குடிக்கலாமே என்று சிலர் யோசிப்பீர்கள். அந்தச் சுற்றுவட்டாரத்தில் பொது இடத்தில் திறந்த பாட்டிலோடு நிற்பதற்குத் தடை இருக்கிறது, அபராதம் கட்ட நேரும். வாங்கிக்கொண்டு வீட்டு மொட்டை மாடிக்குப் போங்கள். காலி பாட்டிலையும் கேனையும் எறிந்துவிட வேண்டாம்: வாங்கும்போதே ஒவ்வொன்றுக்கும் 10 சென்ட் முன்பணமாகப் பிடித்திருப்பார்கள், கடைவாசல் இயந்திரத்தில் போட்டால் திரும்பி வரும். எங்கள் அறையில் ஒரு பை நிறையச் சேர்த்து, அதில்தான் பால் வாங்குகிறோம்.

இப்போது சேமித்த காசு பறிபோகும் இடம்: திரும்பி வரும் வழி. பெரும்பாலான பஸ்கள் இரவு பதினொன்று வாக்கில் நின்றுவிடும். அதன்பின் செயலி மூலம் டாக்ஸி அழைத்தால், வெள்ளி, சனி நள்ளிரவில் கட்டணம் எகிறும். ஓட்டுநர் நம் நாட்டுக்காரராக இருப்பார், ஊர்க்கதை பேசலாம்; கட்டணம் குறையாது. இங்கே குடியிருப்பவர்கள் உங்கள் பெயரில் தல்லின்யா பஸ் அட்டை உடனே எடுத்துவிடுங்கள், 2022 அக்டோபர் முதல் அதில் பயணம் இலவசம். விருந்தினர்கள் டிக்கெட் எடுத்தால் இரண்டு மணி நேரத்துக்குச் செல்லும். குடித்துவிட்டு வண்டி எடுக்கும் எண்ணமே வேண்டாம். ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் பொது வரம்பு, இரு சக்கர வண்டி ஓட்டுபவர்களுக்கு அதைவிடக் குறைவு, டாக்ஸி ஓட்டுபவர்களுக்குச் சுழியம். உணவு டெலிவரி செய்யும் தம்பிகள் இதை இரண்டு முறை படிக்கவும்.

லண்டனிலிருந்து ஒருவர் கேட்டதற்கு: பிரிட்டனில் வசிக்கும் உரிமம் இருந்தாலும், கையில் இந்திய பாஸ்போர்ட் என்றால் மால்டாவுக்கு ஷெங்கன் விசா வேண்டும். ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் வசிக்கும் அட்டை வைத்திருப்பவர்களுக்கு வேண்டியதில்லை. அட்டையையும் பாஸ்போர்ட்டையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.

கோசோவுக்கு ஒரு நாளாவது போங்கள். பக்கத்துத் தீவு, சிர்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிடம். அங்கேயும் அதே விதிதான்: ஷ்லெந்தி கரையில் படம் எடுத்துக்கொண்டு, குடிப்பதை ஷாரா என்ற ஊரின் சதுக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தேவாலயப் படிக்கு எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால் மணியடிக்கும் சத்தத்தில் பேச்சு நின்று நின்று தொடரும், யாரும் எழுப்பமாட்டார்கள். போகும்போது கப்பலில் டிக்கெட் கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் வாங்குவார்கள். ஆகையால் கடைசிக் கிளாஸைச் சொல்வதற்கு முன் ஆளுக்கு ஐந்து யூரோவைத் தனியாக எடுத்து வேறு பையில் வைத்துவிடுங்கள்.