நோயெல் போதாதா? பி.எம்.டி.எல். எதற்கு?

கேள்வி:
பயிற்சிக் கணக்கு ஒன்று. 90 நாள் எலிச் சோதனை, வாரம் 5 நாள் வாய்வழி டோஸ், குழுவுக்கு 50 எலி. கிலோ எடைக்கு 0, 10, 30, 100 மி.கி. கொடுத்ததில் கல்லீரல் பாதிப்பு முறையே 1, 3, 12, 34 எலிகளுக்கு. 10 மி.கி.யில் வித்தியாசம் புள்ளியியல்படி தேறவில்லை. அதையே நோயெல் (பாதிப்பு தென்படாத மிக அதிக டோஸ்) என்று கொண்டு, மனிதருக்கான வரம்பு கிடைக்க 100-ஆல் வகுத்தேன். டோஸ்–பாதிப்பு வளைவுக்கு மாடல் ஓட்டி பி.எம்.டி.எல். (குறிப்பிட்ட அளவு பாதிப்பு தரும் டோஸின் கீழ் நம்பக எல்லை) எடுத்தாலும் இதே இடத்துக்குத்தானே வரும்?

பதில் 1:
வராது. 50-க்கு 3 என்றால் 6 சதவீதம்தான். ஆனால் அதன் 95% நம்பக எல்லை 16 சதவீதத்தைத் தாண்டுகிறது. "விளைவு இல்லை" என்பது அங்கே வெறும் பெயர். இதே சோதனையைக் குழுவுக்கு 10 எலி வைத்துச் செய்திருந்தால் 30 மி.கி.யில் 10-க்கு 2 வரும், அதுவும் தேறாது, நோயெல் 30-க்கு ஏறிவிடும். அரைகுறைச் சோதனைக்குத் தாராளமான வரம்பு பரிசு! பி.எம்.டி.எல்.லில் இது தலைகீழ்: எலி குறைந்தால் கீழ் எல்லை இறங்கும்.

10% கூடுதல் ஆபத்தை இலக்காக வையுங்கள். கட்டுப்பாட்டுக் குழுவின் (டோஸ் 0) 2 சதவீதத்தைக் கழித்து, மீதி 0.98-ஆல் வகுத்தால் 10 மி.கி.யில் 4.1%, 30-இல் 22.4%. இடையே கோடு போட்டாலே 10% சுமார் 16 மி.கி.யில் விழுகிறது. லாக்-லாஜிஸ்டிக் என்ற வளைவு மாடலில் 17-ஐ ஒட்டி வர வேண்டும். வெகுவாக விலகினால் உள்ளீட்டைச் சரிபாருங்கள். மாடல் தரவோடு பொருந்துகிறது என்று சொல்ல, பொருத்தச் சோதனையின் பி-மதிப்பு 0.1-க்கு மேல், எச்சம் (தரவுக்கும் மாடலுக்குமான தரப்படுத்திய வித்தியாசம்) ±2-க்குள் இருக்க வேண்டும். தேறிய மாடல்களின் பி.எம்.டி.எல்.கள் மூன்று மடங்குக்குள் இருந்தால் ஏ.ஐ.சி. (மாடல்களை ஒப்பிடும் மதிப்பெண்; குறைவே நல்லது) குறைந்ததை எடுங்கள், அதற்கு மேல் சிதறினால் மிகக் குறைந்த பி.எம்.டி.எல்.லை.

பதில் 2:
வகுப்பதிலும் பிழை இருக்கிறது. வாரம் 5 நாள்தான் டோஸ் என்பதால் 5/7-ஆல் பெருக்க வேண்டும். விலங்கு–மனிதன் 10, மனிதருக்குள் வேறுபாடு 10 சரி. 90 நாளிலிருந்து ஆயுள்முழுதுக்குப் போக இன்னொரு 10 வேண்டாமா? பி.எம்.டி.எல். 12 வந்தது என்று வைத்துக்கொள்வோம்: 12 × 5/7 ÷ 1000 = கிலோவுக்கு 0.0086 மி.கி. அறுபது கிலோ ஆளுக்கு நாளுக்கு அரை மி.கி.தான்.

பதில் 3:
மனிதத் தரவு இருந்தால் விலங்குக்கான 10 போய்விடும். மெத்தில் பாதரசத்துக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை 2001-இல் செய்தது அதுதான். ஃபாரோ தீவுக் குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தில் லிட்டருக்கு 58 மைக்ரோகிராம் என்ற பி.எம்.டி.எல்., உட்கொள்ளும் அளவாக மாற்றினால் கிலோவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1 மைக்ரோகிராம். மனிதருக்குள் வேறுபாட்டுக்கான பத்தால் வகுத்து 0.1 மைக்ரோகிராம். அந்தப் பத்தும் 3 × 3தான். ஒவ்வொரு 3-உம் உண்மையில் பத்தின் வர்க்கமூலம் என்பதால் ஒன்பது என்று யாரும் எழுதுவதில்லை.