புதுப்பிப்பு: உள்ளடுக்கு அணிகளை மரமாக வரைதல் சரியாகிவிட்டது

ஏபிஎல் (APL) நிரல்மொழியில் உள்ளடுக்கு அணிகளை (அணிக்குள் அணி கொண்டவற்றை) எழுத்து மரமாகக் காட்ட நான் எழுதிய செயற்கூறில், ஒரு கிளையின் கடைசி உறுப்பு முடிந்த பிறகும் செங்குத்துக் கோடு கீழே நீண்டுகொண்டே போகிறது என்று முன்பு கேட்டிருந்தேன். இப்போது (1 2)(3 (4 5)) என்ற அணி இவ்வாறு வருகிறது ([2] என்பது அந்தக் கணுவிலுள்ள அணியின் வடிவம், அதாவது இரண்டு உறுப்புகள்):

[2]
├─[2]
│ ├─1
│ └─2
└─[2]
  ├─3
  └─[2]
    ├─4
    └─5

வரியின் தொடக்கத்தில் வரும் கோடுகளை, அதாவது முன்னொட்டை, மேலிருந்து கீழே கடத்தியதுதான் என் தவறு. ஒவ்வொரு உறுப்பும் தன் வரிகளின் பட்டியலை மட்டும் திருப்பித் தர, அதன் தாய்க்கணு முதல் வரிக்கு ├─, மற்ற வரிகளுக்கு │ என்றும், கடைசி உறுப்பானால் முதல் வரிக்கு └─, மற்றவற்றுக்கு வெற்றிடம் என்றும் ஒட்டினால் போதும். வரிகளை எழுத்து அணிக்கோவையாக ↑ (வரிகளை ஒரே அகலத்துக்கு நிரப்பி அடுக்கும் குறி) கொண்டு மாற்றுவதை இறுதியில் ஒரே முறை செய்வதால் அகலப் பொருத்தமின்மையும் எழுவதில்லை.

கணுவில் வடிவத்தை எழுதுவதை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். அது இல்லாவிட்டால் 2 3 வடிவ (இரண்டு வரிசை, மூன்று நெடுவரிசை) அணியும் ஆறு உறுப்புள்ள திசையனும் ஒரே மரமாகத் தோன்றும்.

வெற்று அணியைத் தனியே சோதிக்க வேண்டும். ஏபிஎல்லின் ஒரு செயலாக்கமான டயலாக் ஏபிஎல்லில், ஒவ்வொரு உறுப்பின் மீதும் செயற்கூற்றை இயக்கும் ¨ என்ற குறி, வெற்று அணியிலும் முன்மாதிரி உறுப்பின் (அணியின் வகையைக் காட்டும் நிரப்பு மதிப்பின்) மீது ஒருமுறை செயற்கூற்றை இயக்குகிறது. எளிய தனிமதிப்பை (ஒற்றை எண்ணை அல்லது எழுத்தை) ⊂ கொண்டு பொதிந்தாலும் அது மாறாது என்பதால், அடுக்கின் ஆழத்தைச் சொல்லும் ≡ சுழியம் தரும் இடத்தில் மறுசுழற்சியை நிறுத்தினேன். ஏபிஎல்லின் வழிவந்த ஜே (J) மொழியில் தனிமதிப்பையும் பெட்டியிலிட முடியும் என்பதால், அங்கே இந்த நிபந்தனையை அப்படியே எடுத்துச் செல்லக் கூடாது.